அறிவியல் வரலாறு: சாட்சி யார், செலவு யாருடையது? (கேள்வி பதில்)

கேள்வி (கல்லூரி மாணவி): நவீன அறிவியல் எந்த ஆண்டில் தொடங்கியது என்று கூற முடியுமா, ஐயா?

பதில்: ஒற்றை ஆண்டு என்பது தேர்வுத்தாளுக்குத்தான் வசதி. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று வாதிட்ட கோப்பர்நிக்கஸின் நூல் வெளிவந்த 1543ஆம் ஆண்டைப் பலர் குறிப்பிடுவார்கள். ஆனால் 1660இல் லண்டனில் ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் சங்கம் உருவானதையும், 1665இல் அதன் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் ஓர் ஆய்விதழைத் தொடங்கியதையும் நான் அதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். ‘எவர் சொல்லையும் அப்படியே ஏற்காதே’ என்னும் பொருள்படும் லத்தீன் தொடரையே அச்சங்கம் தன் குறிக்கோளாகக் கொண்டது. அச்சங்கத்தைச் சேர்ந்த ராபர்ட் பாயில், கலத்திலிருந்து காற்றை வெளியேற்றும் வெற்றிடப் பம்பைக் கொண்டு செய்த சோதனைகளைச் சாட்சிகளின் முன் நடத்தியதோடு, நேரில் காணாதவரும் எடைபோட்டுப் பார்க்கும் அளவுக்கு, தோல்வியில் முடிந்த முயற்சிகளையும் சேர்த்து விரிவாக எழுதினார். உண்மையைக் கண்டறிவதைப் போலவே அதைப் பிறர் நம்பும்படி நிறுவுவதும் ஒரு கலையாக வளர்ந்தது இக்காலத்தில்தான்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): அந்தச் சாட்சிகளாக யார் வேண்டுமானாலும் இருக்க முடிந்ததா?

பதில்: முடியவில்லை. செல்வமும் ஓய்வும் உடைய கனவான்களின் சொல்லுக்கே மதிப்பு இருந்தது. பம்பை வியர்வை சிந்தி இயக்கிய உதவியாளர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. ராயல் சொசைட்டி பெண்களை உறுப்பினர்களாகத் தேர்ந்தெடுக்க 1945 வரை, அதாவது 285 ஆண்டுகள் ஆயின. மேரி கியூரி 1911இல் பிரெஞ்சு அறிவியல் கழகத் தேர்தலில் தோற்றார்; அதே ஆண்டின் இறுதியில் தம் இரண்டாவது நோபல் பரிசைப் பெற்றார். எவர் சொல்லையும் அப்படியே ஏற்பதில்லை என்றவர்கள், சிலர் சொல்லைக் கேட்கவே மறுத்தார்கள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

கேள்வி (பொறியாளர்): ஆய்வுக்கான செலவை யார் ஏற்றார்கள்?

பதில்: முதலில் அரசவைகளும் சொந்தப் பணமும். கலிலியோ 1610இல் வியாழனின் நிலவுகளுக்கு, இத்தாலியின் டஸ்கனியை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் பெயரைச் சூட்டினார். அதே ஆண்டில் டஸ்கனி அரசவையில் அவருக்குப் பதவி கிடைத்தது. 1687இல் இயக்கத்தையும் ஈர்ப்பையும் விளக்கிய நியூட்டனின் ‘பிரின்சிப்பியா’ நூலை அச்சிட ராயல் சொசைட்டியிடம் பணமில்லை, மீன்களைப் பற்றிய ஓர் ஆடம்பர நூலுக்குச் செலவழித்திருந்தார்கள். வானியலாளர் எட்மண்ட் ஹாலி தம் கைப்பணத்தைப் போட்டார். (அந்த மீன் நூல் சரியாக விற்கவும் இல்லை.) பல்கலைக்கழக ஆய்வகமும் சாயத் தொழிற்சாலையும் சம்பளம் தரத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில், அரசுகள் பெருமளவில் பணம் இறைத்தது உலகப்போர்களின்போதும் அவற்றுக்குப் பின்னரும்.

கேள்வி (ஆய்வு மாணவர்): கட்டுரைகளை வெளி நிபுணர்கள் மதிப்பிடும் முறை தொடக்கத்திலிருந்தே உண்டா?

பதில்: சில சங்கங்களில் நெடுங்காலமாக உண்டு, ஆயினும் எல்லா இதழ்களுக்கும் பொது விதியானது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 1936இல் தம் கட்டுரையை ஓர் அமெரிக்க இதழ் நிபுணர் ஒருவருக்கு அனுப்பியதை அறிந்த ஐன்ஸ்டைன், சினந்து அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஈர்ப்பலைகள் (ஈர்ப்பினால் வெளியில் பரவும் அதிர்வலைகள்) இல்லை என்று முடிவுகட்டிய அக்கட்டுரையில் பிழை இருந்தது. முடிவு மாற்றப்பட்ட பின்னரே அது வேறோர் இதழில் வெளிவந்தது.