தாலுகா மருத்துவமனையின் கண் பிரிவுக்குக் கருவி வாங்க நிதி திரட்டுவது எப்படி?

கேள்வி கேட்டவர், தங்கள் ஊர் தாலுகா அரசு மருத்துவமனைக்கு ஃபேகோ மெஷின் (கண்புரையை அல்ட்ராசவுண்ட் அதிர்வால் உடைத்து உறிஞ்சி எடுக்கும் கருவி) ஒன்று வாங்கித் தர நண்பர்கள் சேர்ந்து 10 லட்சம் திரட்டப் போவதாகச் சொல்லியிருக்கிறார். பணத்தை எப்படிச் சேர்ப்பது, சட்டச் சிக்கல் ஏதும் வருமா என்பது அவர் கேள்வி.

நான் டெல்டாப் பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரன். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் அறக்கட்டளைக்குப் பொருளாளர். கண் பிரிவுக்காக இரண்டு முறை பணம் திரட்டியிருக்கிறோம். பணம் சேர்ப்பதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த ஃபேகோ மெஷினைப் பற்றிப் பேச வேண்டும்.

2011-ல் எங்கள் பக்கத்து ஊர் மருத்துவமனைக்கு அறுவை சிகிச்சை மைக்ரோஸ்கோப் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். பெரிய விழா வைத்து, பந்தல் போட்டு ஒப்படைத்தோம். நான்கு மாதத்தில் அந்தக் கண் மருத்துவருக்கு இடமாற்றம் வந்தது. அந்த இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. மைக்ரோஸ்கோப்பைப் பச்சைத் துணி போட்டு மூடி, தியேட்டர் மூலையில் தள்ளி வைத்துவிட்டார்கள். இரண்டு மழைக்காலம் போனது. புது டாக்டர் வந்து துணியை எடுத்துப் பார்த்ததும் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். உள்பக்கம் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தது. "ஈரக் காத்துல ஏசி இல்லாம மூடி வெச்சா இப்படித்தான் சார் ஆகும். சர்வீஸ் காண்ட்ராக்ட் இருக்கா?" என்று கேட்டார். எங்களிடம் இல்லை. அப்படி ஒன்று போட வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. மெஷினின் காலில் ஒட்டியிருந்த பித்தளைத் தகட்டில் எங்கள் அறக்கட்டளையின் பெயர் மட்டும் பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பணத்தில் ஒரு சத்துணவு ஆயாவின் ஒரு மாதச் சம்பளமும் இருந்தது.

அதனால் 2019-ல் மறுபடி பேச்சு எழுந்தபோது, நாங்கள் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. நாலு பேர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் ஊர் மருத்துவமனையின் கண் ஓபியில் போய் உட்கார்ந்தோம். ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். உங்களுக்கும் இதைத்தான் முதல் வேலையாகச் சொல்வேன்.

எங்களுக்கும் அப்போது ஃபேகோ ஆசை இருந்தது. டாக்டரம்மாவிடம் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, முன்னால் இருந்த ஸ்லிட் லேம்ப் மேசையை ஒரு விரலால் தள்ளினார். மேசை ஆடியது. "இது ஆடாம இருந்தா நான் ஒரு நாளைக்கு இன்னும் இருபது பேரைப் பாப்பேன்" என்றார். ஸ்லிட் லேம்ப் என்பது, நோயாளி தாடையை வைத்துக்கொள்ள, டாக்டர் எதிரே உட்கார்ந்து மெல்லிய ஒளிக்கீற்றில் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி. புரை, புண், கருவிழித் தழும்பு என்று முன்கண்ணில் எதைப் பார்க்கவும் இதுதான் வேண்டும். அது ஆடினால் மற்றதெல்லாம் ஆடும்.

ஃபேகோவை அவர் ஏன் வேண்டாம் என்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெஷினின் விலையோடு செலவு முடிவதில்லை. ஒவ்வொரு அறுவைக்கும் ட்யூபிங், ஊசி, கத்தி என்று சாமான் தீர்ந்துகொண்டே இருக்கும். அதை மாதாமாதம் யார் வாங்குவது? தையல் இல்லாத சிறு கீறல் முறையில், நல்ல மைக்ரோஸ்கோப்பும் பழகிய கையும் இருந்தால், குறைந்த செலவில் நல்ல பார்வை கிடைக்கிறது. மதுரை அரவிந்த் போன்ற இடங்களிலேயே ஏராளமான அறுவைகள் அப்படித்தான் நடக்கின்றன. 2015-19 தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்பில் 66.2 விழுக்காட்டுக்குக் கண்புரைதான் காரணம் என்று வந்தது. அவ்வளவு பேருக்கும் செய்ய வேண்டுமென்றால் கைக்கு எட்டுகிற முறைதான் ஓடும். உங்கள் டாக்டர் ஃபேகோ பழகியவராக இருக்கலாம், சாமானுக்கு மருத்துவமனையிலேயே வழி இருக்கலாம். அப்படியென்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் அவர் வாயால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

டாக்டரம்மா கொடுத்த பட்டியலில் இரண்டாவது, கண் அழுத்தம் அளக்கும் அப்ளனேஷன் டோனோமீட்டர். இதைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் கண் அழுத்தத்தை அளந்து பார்க்காததால்தான் பார்வையை இழந்தார். "பிரஷர் பாத்தாச்சு, மாத்திரை போடுறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது ரத்த அழுத்தம். கண்ணுக்குள்ளும் அழுத்தம் உண்டு, அது பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கண் அழுத்த நோயில் (கிளாக்கோமா) பெரும்பாலும் வலி இருக்காது. பக்கவாட்டுப் பார்வை மெதுவாகச் சுருங்கும். ஒரு நாள் வாசற்படி ஓரத்தில் இருந்த குடத்தை இடித்துக்கொண்டு விழுந்தபோதுதான் வீட்டில் சந்தேகம் வந்தது. செத்த பார்வை நரம்பு திரும்ப வராது. புரையை அடுத்த வருடம் எடுத்தாலும் பெரும்பாலும் பார்வை கிடைத்துவிடும், இதில் அப்படி இல்லை. அதுவரை எங்கள் ஊரில் அழுத்தம் பார்க்கத் தஞ்சாவூர் போக வேண்டும். கண்ணை விரிக்கும் சொட்டு விட்டு அனுப்புவார்கள். வயதான பெண்கள் முந்தானையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, பஸ் போர்டு படிக்க முடியாமல் பேருந்து நிலையத்தில் வருவோர் போவோரிடம் கேட்டுக்கொண்டு நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது ஏ-ஸ்கேன். புரை எடுத்ததும் வைக்கும் லென்ஸுக்கு என்ன பவர் என்று கணக்கிட, கண்ணின் நீளத்தை அளப்பது. 1 மில்லிமீட்டர் பிசகினால் பவர் ஏறக்குறைய 3 டயாப்டர் மாறிவிடும். அறுவை அருமையாக நடந்தும் கனத்த கண்ணாடி போட வேண்டி வரும். இருந்த பழைய மெஷின் ஒரே கண்ணுக்கு மூன்று முறை மூன்று அளவு காட்டியது. நாலாவதாக அவர் கேட்டது ஒரு ரெட்டினாஸ்கோப், கண்ணாடிப் பவரைக் கண்டுபிடிக்க உதவும் கைக்கருவி.

பட்டியலோடு மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போனோம். இதை விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தும் கருவியும் வாங்கிக் கொடுப்பது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். உங்கள் பட்டியலில் இருப்பது ஏற்கெனவே அவர்களுடைய இண்டென்ட்டில், அதாவது வாங்கக் கேட்டிருக்கும் பட்டியலில், இருக்கலாம். எங்களுக்கு ரெட்டினாஸ்கோப் அப்படி இருந்தது, சில வாரங்களில் வந்தும் சேர்ந்தது. மீதி மூன்றுக்கும் "நன்கொடையாகப் பெற்றுக்கொள்ள ஆட்சேபணை இல்லை" என்று எழுத்தில் வாங்கிக்கொண்டோம். அந்தக் கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டுதான் முதல் வீட்டுக் கதவைத் தட்டினோம்.

இப்போது பணம். மூன்று கம்பெனிகளிடம் கொட்டேஷன் வாங்கினோம். ஜிஎஸ்டி, வண்டி வாடகை, பொருத்தும் செலவு எல்லாம் சேர்த்துத்தான் விலையா என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். கருவிகளுக்கு 3,40,000 ஆனது. வாரண்டி முடிந்த பிறகு மூன்று வருடச் சர்வீஸ் காண்ட்ராக்ட், யுபிஎஸ், அதற்கு ஒரு முறை பேட்டரி மாற்றம் என்று 90,000 ஒதுக்கினோம். மொத்தம் 4,30,000. "மெஷின் வாங்கப் பணம் கேளு, சர்வீஸுக்குன்னு கேட்டா எவன் குடுப்பான்?" என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் சண்டை போட்டார். பூஞ்சை பிடித்த மைக்ரோஸ்கோப்பின் போட்டோவைக் காட்டியதும் ஊரில் ஒருவர்கூட மறுக்கவில்லை.

500 ரூபாய் ஒரு பங்கு, 860 பங்கு என்று பிரித்தோம். பெரிய மனிதர்களிடம் ஒரு லட்சம் ஒரு லட்சமாகக் கேட்பதைவிட இது மெதுவாகத்தான் போகும். ஆனால் 500 கொடுத்தவர் அந்த மெஷினைத் தன்னுடையதாக நினைக்கிறார், அது ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். மகளிர் குழு ஒன்றில் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு பங்கு எடுத்தார்கள். அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர் ஒருவர் ஐந்து தவணையாக நூறு நூறாகக் கட்டினார். நகைக்கடைக்காரர் நாற்பது பங்கு எடுத்துக்கொண்டு தன் பெயர் வேண்டாம் என்றார். ஒவ்வொரு ஞாயிறும் மாலை, வந்த தொகையையும் மீதி வேண்டிய தொகையையும் பேருந்து நிலைய டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகையில் எழுதினேன். வாட்ஸப்பில் போட்டதைவிட அந்தப் பலகைதான் பணம் கொண்டுவந்தது. நோயாளிகளின் முகத்தைப் போட்டோ எடுத்து நோட்டீஸ் அடிக்கச் சிலர் சொன்னார்கள். நாங்கள் சம்மதிக்கவில்லை. வைத்தியத்துக்கு வந்தவரைக் காட்டிக் காசு கேட்கக் கூடாது. ஆடும் மேசையின் படமே போதுமானதாக இருந்தது. ஏழு மாதம் ஆனது.

சட்டப் பக்கம்: தனி ஆள் பெயரில், அவருடைய ஜிபே எண்ணில் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். பதிவு செய்த அறக்கட்டளை அல்லது மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கத்தின் வங்கிக் கணக்குதான் சரி. 80ஜி பதிவு (நன்கொடை தருபவருக்கு வருமான வரிக்கழிவு கிடைக்க அறக்கட்டளை வாங்கும் பதிவு) இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கழிவு கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவருக்கும் கிடையாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மார்ச் மாதம் மனஸ்தாபம் வராது.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் விஷயத்தில் ரொம்ப கவனம் வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் நம் சொந்த அண்ணனாகவே இருந்தாலும், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத அறக்கட்டளை அதைத் தொடக் கூடாது. பதிவு உள்ள வேறொரு அமைப்பு வாங்கி நமக்குக் கை மாற்றித் தருவதையும் 2020 திருத்தம் தடுத்துவிட்டது. என்னோடு படித்த ஒருவர் சிங்கப்பூர்க் குடிமகன். 50,000 தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது, அவருக்கு வருத்தம். அப்புறம் இங்கே இருக்கும் அவர் தங்கை, தன் சம்பளத்திலிருந்து இரண்டு பங்கு எடுத்துக்கொண்டார்.

தொகை நிஜமாகவே பெரிதென்றால் எம்பி தொகுதி மேம்பாட்டு நிதியைக் கேளுங்கள். ஆண்டுக்கு 5 கோடி வருகிறது, அரசு மருத்துவமனைக் கருவிகளுக்கு அதில் இடம் உண்டு. கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணம் வேண்டுமென்றால் அறக்கட்டளைக்கு சிஎஸ்ஆர்-1 பதிவு வேண்டும். எங்களுக்கு அந்த இரண்டு வழிக்கும் போகத் தேவை வரவில்லை.

ஒப்படைக்கும் நாளில் விழா வைக்கவில்லை. கம்பெனி ஆள் வந்து பொருத்தினார், டாக்டரம்மாவுக்கும் கண் மருத்துவ உதவியாளருக்கும் அரை நாள் சொல்லிக் கொடுத்தார். மூன்று கருவியும் சீரியல் எண்ணோடு மருத்துவமனை இருப்புப் பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தின் நகலை வாங்கினேன். பதிவேட்டில் ஏறாத கருவி பழுதானால் யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள். இந்த முறை பெயர்த் தகடு இல்லை. அந்த இடத்தில் சர்வீஸ் கம்பெனியின் போன் எண்ணும் காண்ட்ராக்ட் முடியும் தேதியும் எழுதிய ஒரு காகிதத்தை லேமினேட் செய்து ஒட்டினோம்.

டாக்டரம்மா பிறகு மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் முதல் நாளே அந்தக் காகிதத்தைப் பார்த்து எனக்குப் போன் செய்தார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நான் போய் வருவேன். லென்ஸ்கள் இருக்கும் டப்பாவுக்குள் ஈரத்தை உறிஞ்ச நீல நிறச் சிலிக்கா ஜெல் பை ஒன்று போட்டிருக்கிறோம். ஈரம் ஏறினால் ரோஸ் நிறமாகிவிடும். போன ஐப்பசி மழையில் போய்ப் பார்த்தபோது பாதிக்கு மேல் ரோஸாகியிருந்தது. நர்ஸம்மா புதுப் பை எடுத்துப் போட்டார். ரசீதை வாங்கிக்கொண்டு வந்து, பராமரிப்புக் கணக்கில் 60 ரூபாய் என்று எழுதி வைத்தேன்.