4294967297: ஃபெர்மாவின் நம்பிக்கையை உடைத்த எண் (கேள்வி பதில்)

கேள்வி: பத்து இலக்க எண்கள் கோடிக்கணக்கில் இருக்க, 4294967297 மட்டும் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

பதில்: அது 2³² + 1 என்பதால்தான். 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 ஆகியவற்றை வைத்து 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்னும் ஐந்து பகா எண்கள் கிடைக்கின்றன. இவ்வரிசையில் வரும் எல்லாமே பகா எண்கள் என்று தாம் நம்புவதாகப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியேர் த ஃபெர்மா 1640-இல் கடிதம் எழுதினார்; நிறுவல் தம்மிடம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. அடுத்து வரும் எண்தான் நீங்கள் கேட்பது. 1732-இல் லியோனார்டு ஆய்லர் அதை 641 × 6700417 என்று பிரித்துக் காட்டினார்.

கேள்வி: கணிப்பொறி இல்லாத காலத்தில் 641 எப்படி அகப்பட்டது, ஐயா?

பதில்: இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும் என்பதை ஆய்லரே பின்னர் நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று செல்வதால், ஐந்தாவது எண்ணிலேயே விடை வந்துவிடுகிறது. 1878-இல் எதுவார் லூக்கா அந்த 64-ஐ 128 ஆக்கியபின் 257, 641 என்னும் இரண்டே எஞ்சின. அவற்றுள் 257 இதே வரிசையைச் சேர்ந்தது. இவ்வரிசையின் எந்த இரு எண்களுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது என்பதால் அதையும் தள்ளிவிடலாம்.

நீள்வகுத்தலே செய்யாமல் சரிபார்க்கும் வழியும் உண்டு. அழகில் இதற்கு ஈடு குறைவு என்பேன். 641 = 5 × 2⁷ + 1 ஆதலால், 5 × 2⁷ என்பதை 641-ஆல் வகுத்தால் மீதி −1 (641-க்கு ஒன்று குறைவு என்பதால்); நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பதன் மீதி 1 ஆகிறது. மறுபுறம் 641 = 5⁴ + 2⁴ என்பதால், 5⁴ இருக்குமிடத்தில் −2⁴ என்று வைக்கலாம். ஆக −2³² என்பதன் மீதி 1. 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது.

கேள்வி: 6700417 பகா எண்தான் என்பதற்கு என்ன உறுதி?

பதில்: அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டுகிறது. லூக்காவின் விதிக்கு உட்பட்டு அதற்குள் அடங்கும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. முன் சொன்ன காரணத்தால் 257-ஐ விட்டு, மற்ற நான்கால் வகுத்தால் மீதிகள் முறையே 44, 120, 334, 622. தாளும் பேனாவும் போதும்.

கேள்வி: காரணியைத் தேடாமலே இது பகு எண் என்று சொல்ல முடியுமா?

பதில்: முடியும். 65536² + 1² என்பது வெளிப்படை. 62264² + 20449² என்பதும் இதே எண்தான். ஒரு பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதவே இயலாது.

கேள்வி: இவ்வரிசை எண்களை ஃபெர்மா எண்கள் என்கிறார்களே, இதைவிடப் பெரிய ஃபெர்மா எண்களில் பகா எண் ஏதேனும் உண்டா?

பதில்: இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. 2-இன் அடுக்கு 2⁵ முதல் 2³² வரை உள்ள அனைத்தும் பகு எண்களே. அடுக்கு 2³³ ஆகும்போது வரும் எண்ணைப் பற்றி முடிவு இன்னும் எட்டப்படவில்லை.