அச்சு விசை அளக்கும் லோடு செல்: கேள்வி பதில்

கேள்வி: 50 கிலோ நியூட்டன் அழுத்துவிசையை அளக்கும் லோடு செல்லுக்காக (விசையை மின்சைகையாக மாற்றும் உணரி) எஃகுத் தூண் ஒன்றைக் கடைய இருக்கிறோம் ஐயா. அதன் விட்டத்தை எப்படி முடிவு செய்வது?

பதில்: முழுச் சுமையில் எவ்வளவு திரிபு (நீள மாற்றத்துக்கும் முதல் நீளத்துக்கும் உள்ள விகிதம்) வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். நான் 1000 மைக்ரோ திரிபு, அதாவது நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, என்று வைத்துக்கொள்வேன். எஃகின் யங் குணகம் (தகைவுக்கும் திரிபுக்கும் உள்ள விகிதம்) ஏறத்தாழ 200 கிகா பாஸ்கல் என்பதால் தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பில் விழும் விசை, 200 மெகா பாஸ்கலாகிறது. அதற்கு 250 சதுர மில்லிமீட்டர் பரப்பு, அதாவது 17.8 மில்லிமீட்டர் விட்டம் வேண்டும். சாதாரண மென்னெஃகு 250 மெகா பாஸ்கல் அளவிலேயே நிரந்தரமாக உருமாறத் தொடங்கிவிடும். ஆகவே பதப்படுத்திய இ.என். 24 போன்ற கலப்பெஃகையே வாங்குங்கள்.

கேள்வி: தூணில் ஒட்டும் கேஜ் (திரிபுக்கு ஏற்ப மின்தடை மாறும் மெல்லிய திரிபுமானி) ஒன்றே ஒன்று போதாதா? நான்கு ஒட்டுவது எதற்கு?

பதில்: சுமை ஒருபோதும் தூணின் நடு அச்சில் துல்லியமாக அமர்வதில்லை. சற்றே விலகினாலும் தூண் வளைந்து, ஒரு பக்கம் கூடுதலாகவும் எதிர்ப்பக்கம் அதே அளவு குறைவாகவும் அமுங்கும். எனவே நெடுக்குவாட்டில் இரண்டு கேஜ்களை நேரெதிர்ப் பக்கங்களில் ஒட்டி, வீட்ஸ்டன் பாலத்தின் (நான்கு மின்தடைகளை நான்கு கைகளாகச் சதுரமாக இணைத்த சுற்று) எதிரெதிர்க் கைகளில் இணைத்தால், வளைவின் பங்கு தானே நீங்கிவிடும். அவற்றை அடுத்தடுத்த கைகளில் இணைத்துவிட்டால் அச்சு விசை நீங்கி வளைவு மட்டுமே எஞ்சும். மாணவர்களின் கம்பி இணைப்புகளில் நான் அடிக்கடி திருத்தும் பிழை இது. குறுக்குவாட்டில் ஒட்டும் மற்ற இரண்டும் வெப்பநிலை மாற்றத்தை ஈடுசெய்வதோடு, பாய்சான் விகிதத்தின் (நெடுக்குத் திரிபுக்கு எதிராகக் குறுக்கே ஏற்படும் திரிபின் பங்கு) பயனாக வெளியீட்டையும் கூட்டுகின்றன. கேஜ் காரணி (திரிபுக்கு மின்தடை எத்தனை மடங்கு மாறுகிறது என்பது) 2, பாய்சான் விகிதம் 0.3 என்றால், பாலத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் முழுச் சுமையில் 1.3 மில்லிவோல்ட் கிடைக்கும்.

கேள்வி: சுமையே இல்லாதபோதும் அளவீடு நாள் முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. பாலத்தின் வெளியீட்டைப் பெரிதாக்கும் பெருக்கியை மாற்ற வேண்டுமா?

பதில்: பெருக்கியைத் தொடுவதற்கு முன் கேஜ் ஒட்டிய விதத்தைப் பாருங்கள். ஒட்டும் முன் எஃகின் பரப்பிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, 320 எண் உப்புத்தாளால் தேய்த்து, கரைப்பான் நனைத்த துணியால் ஒரே திசையில் ஒருமுறை துடைத்து அத்துணியை எறிந்துவிட வேண்டும். அதே துணியைத் திருப்பித் தேய்த்தால் எடுத்த அழுக்கு மீண்டும் பரப்பிலேயே படியும். சயனோஅக்ரிலேட் பசை சில நாள் சோதனைக்குப் போதும். ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டிய லோடு செல்லுக்கு, அழுத்திப் பிடித்துச் சூட்டில் இறுக வைக்கும் எபாக்சியே தகும். கேஜுக்கும் எஃகுக்கும் இடையிலான மின்காப்புத்தடை ஆயிரக்கணக்கான மெகா ஓமாக இல்லையென்றால் ஈரம் புகுந்திருக்கிறது என்று பொருள்.

கேள்வி: தூணின் நீளம்?

பதில்: விட்டத்தைப் போல் மூன்று மடங்கு வையுங்கள், கேஜ்கள் நடுவில் இருக்கட்டும். முனைகளை ஒட்டிய பகுதியில் தகைவு சீராகப் பரவியிருக்காது. சுமை இறங்கும் மேல்முகத்தைக் கோள வளைவாகக் கடையுங்கள்; அளவு திருத்தம் செய்யும் முன் மூன்று முறை முழுச் சுமை ஏற்றி இறக்குங்கள்.