விளக்கு எரியாத நுண்ணோக்கி

கேள்வி: எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் முனைவர் பட்ட மாணவர்கள் தங்கள் ஆராய்ச்சிப் பயணத்தைப் புகைப்படங்களாக எடுத்துக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஆய்வேடு எழுத வேண்டியவர்களுக்குக் கேமரா எதற்கு? இதனால் ஆராய்ச்சிக்கு ஏதாவது லாபம் உண்டா?
— வாசகர், கருங்கல்

பதில்: பயணம் என்றாலே எனக்கு நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையம்தான் நினைவுக்கு வருகிறது. நம் குமரி மாவட்டத்து ஆராய்ச்சி மாணவரின் பயணம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. விடியற்காலை பஸ் ஏறி, ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே வள்ளியூர், நாங்குநேரி தாண்டித் திருநெல்வேலியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்தால் அபிஷேகப்பட்டி. பல்கலைக்கழகம் அங்கே. படிவத்தை நீட்டும்போதுதான் ஏழாம் பக்கத்தில், ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளர் கையெழுத்துப் போடவில்லை என்பது தெரியும். திரும்ப வடசேரி. நெறியாளர் கருத்தரங்குக்குப் போயிருப்பார். அவர் வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுபடி அதே பஸ், அதே காற்றாலை. பட்டத்தை முடிக்க விதிப்படி ஆறு ஆண்டு அவகாசம் ஏன் கொடுத்தார்கள் என்பது அந்த பஸ்ஸில் போய்வந்தவர்களுக்குத்தான் புரியும்.

இந்தப் பயணத்தை யாராவது படமெடுத்து மாட்டியிருக்கிறார்களா என்று பார்க்க நானும் அந்தக் கண்காட்சிக்குப் போனேன். ஒருவரும் மாட்டவில்லை. மாட்டியிருந்தவற்றில் பாதி நுண்ணோக்கிப் படங்கள். நுண்ணோக்கி வழியாகத் தெரிந்தவை என்று நினைத்துவிடாதீர்கள்; நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்தவர்கள். கடையிலிருந்து வந்த மடிப்புக் கலையாத வெள்ளை அங்கி, லேசான புன்னகை, வில்லையில் ஒரு கண். தலைப்பு: ‘செல்களின் உலகில் நான்’. கிட்டே போய்ப் பார்த்தேன். நுண்ணோக்கியின் மேடையில் கண்ணாடித் தகடே இல்லை. விளக்கு எரியவில்லை. மின்கம்பி சுருண்டு மேசைமேல் கிடக்கிறது, அதன் முனை படத்திலேயே தெரிகிறது. ‘முகவாயைச் சற்று இறக்குங்கள், தோளைத் திருப்புங்கள்’ என்று சொல்லி அந்தப் படத்தை எடுத்தவர், முந்தின நாள் மார்த்தாண்டத்தில் ஒரு மாப்பிள்ளையிடமும் அதையேதான் சொல்லியிருப்பார். கண்காட்சி முழுவதுமே கல்யாண ஆல்பம்போலத்தான் இருந்தது. பெண்ணுக்குப் பதில் நுண்ணோக்கி.

வேதியியல்காரர்கள் சோதனைக்குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார்கள். உள்ளே நீலத் திரவம். எல்லார் குழாயிலும் நீலம். ஆய்வகத்தில் வேலை செய்த எவரையும் கேட்டுப் பாருங்கள், மாதக்கணக்கில் பாடுபட்டால் அடியில் தங்குவது பழுப்பு நிறக் கசடுதான் என்பார்கள். கசடைப் படமெடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. தமிழ்த்துறையை நான் விட்டுவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் ஓலைச்சுவடியை விரித்து ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தார். சுவடி தலைகீழாக இருந்தது.

இவற்றை இவ்வளவு நேரம் சொன்னதற்குக் காரணம், வாசலுக்குப் பின்னால், தேநீர் மேசை மறைத்த சுவரில், வேறொன்று இருந்தது. சாதாரணத் தாளில் அச்சடித்து ஒட்டிய வரிசை. எல்லாம் ஒரே கடற்கரை. ஒரே இடத்தில் நின்று, ஒரே உயரத்தில் கேமராவை வைத்து, மாதந்தோறும் எடுத்திருக்கிறார் அந்த மாணவி. ஒவ்வொரு படத்திலும் சிவப்பும் வெள்ளையும் பூசிய அளவுகோல் ஒன்று மணலில் நட்டிருக்கிறது. கீழே தேதி, மணி, கடல் ஏற்றமா வற்றமா என்ற குறிப்பு. ஆடிப் படத்தில் அலை கல்சுவர்வரை ஏறி, மணலே இல்லை. வள்ளங்களைச் சாலையோரம் ஏற்றிப் போட்டிருக்கிறார்கள். மார்கழிப் படத்தில் அதே இடத்தில் பையன்கள் பந்து விளையாடுகிறார்கள்.

நம் மேற்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காற்று மணலைக் கொண்டுபோவதும், காற்று ஓய்ந்தபின் கடல் அதைத் திருப்பிக் கொண்டுவருவதும் கடற்கரைக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி. கடலுக்குள் கல்லடுக்கித் தூண்டில் வளைவு போட்ட இடத்தில் கணக்கு மாறும். ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை அரிக்கும். ஆடியில் எடுத்த ஒரு படத்தைக் காட்டி ‘ஊரே போய்விட்டது’ என்று ஒருவர் கூட்டத்தில் பேசலாம். மார்கழியில் எடுத்ததைக் காட்டி ‘அரிப்பே இல்லை’ என்று இன்னொருவர் அலுவலகக் கோப்பை மூடிவிடலாம். இரண்டும் உண்மையான படங்கள்தான். அந்த இரண்டு பேரையும் வாயடைக்க வைப்பது, சலிக்காமல் அதே இடத்தில் போய் நின்றவரின் வரிசை மட்டுமே. ஆய்வேட்டில் எந்த அத்தியாயம் எழுதினாலும் இந்த வேலையைச் செய்யாது. கேமரா எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

ஆனால் அந்தச் சுவரின் முன்னால் யாரும் நிற்கவில்லை. கூட்டமெல்லாம் சூரிய அஸ்தமனப் படத்தின் முன்னால். ‘என் ஆய்வின் மாலைப்பொழுது’ என்றொரு தலைப்பு அதற்கு.

தக்கலை வாசகர் ஒருவருக்கும் எனக்கும் இது விஷயமாக நடக்கும் சண்டை இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அட்டையில் கன்னியாகுமரி அஸ்தமனம் போடாத பத்திரிகை குமரி மாவட்டப் பத்திரிகையே அல்ல என்பது அவர் கட்சி. பாறையும் வள்ளுவர் சிலையும் சிவந்த வானமும் கொண்ட உறைகள் இந்த அலுவலகத்துக்கு வாரந்தோறும் வருகின்றன. நான் ஒன்றையும் போடுவதில்லை, போடப்போவதும் இல்லை. சூரியனைப் படமெடுக்கத் தெரிந்தவர்கள் கொடைக்கானலில் இருந்தார்கள். அங்குள்ள ஆய்வுக்கூடத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, வானம் தெளிந்த நாளெல்லாம் அதே சூரியனைக் கண்ணாடித் தகட்டில் பதித்து அடுக்கி வைத்தார்கள். வட்டம், அதில் சில புள்ளிகள். ஒன்றைக்கூட வாழ்த்து அட்டையில் போட முடியாது. ஆனால் 1909இல் எவர்ஷெட் என்பவர், சூரியக் கரும்புள்ளியில் வாயு நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாய்கிறது என்று கண்டது அந்த மலையில், ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து எடுத்த நிறமாலைப் படங்களிலிருந்துதான். சூரியன் எத்தனையாவது ஆண்டில் எப்படி இருந்தது என்று பார்க்க இன்றைக்கும் அந்தத் தகடுகளைத்தான் புரட்டுகிறார்கள். தக்கலை வாசகர் அடுத்த முறை அனுப்பும்போது புள்ளிகளையும் எண்ணி அனுப்பட்டும், யோசிக்கிறேன்.

மாணவர் எடுக்கும் படத்துக்கு என்ன மதிப்பு என்று இன்னும் சந்தேகம் இருந்தால் ஒன்று சொல்கிறேன். 1952 மே மாதம் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் டி.என்.ஏ. இழையின்மீது எக்ஸ் கதிரை நாள்கணக்கில் செலுத்தி ஒரு படம் எடுத்தார்கள். 51ஆம் எண் படம். எடுத்தவர் ரேமண்ட் காஸ்லிங், அப்போது முனைவர் பட்ட மாணவர். ரோசலிண்ட் பிராங்க்ளினின் வழிகாட்டலில் இருந்தவர். நடுவில் எக்ஸ் எழுத்துப்போலக் குறுக்காக விழுந்த கறுப்புத் தடங்கள், அவ்வளவுதான். அடுத்த ஜனவரியில் அதே கல்லூரியின் வில்கின்ஸ் அதை பிராங்க்ளினுக்குத் தெரியாமல் கேம்பிரிட்ஜ் வாட்சனிடம் காட்டினார். ஏப்ரலில், டி.என்.ஏ.வின் வடிவம் இரட்டைச் சுருள் என்று வாட்சனும் கிரிக்கும் எழுதிய கட்டுரை அச்சேறியது. 1962இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு. பிராங்க்ளின் 1958இலேயே இறந்துவிட்டார். பொத்தானை அழுத்திய மாணவரை நினைப்பவர் குறைவு. நெறியாளர் பெயர் முதலில், மாணவர் பெயர் எங்கோ கடைசியில் என்று நான் இந்தப் பக்கத்தில் புலம்பும்போதெல்லாம் ‘மிகைப்படுத்துகிறீர்கள்’ என்று எழுதும் பேராசிரியர்கள் இந்தப் பத்தியை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கடற்கரை வரிசைக்கும் பரிசு கிடையாது. முதற்பரிசு நீலக் குழாய்க்கு. நடுவர்களில் ஒருவர் ஸ்டுடியோ வைத்திருப்பவர் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒளியமைப்பு நன்றாக இருந்ததாம். இருந்தது, நானும் மறுக்கவில்லை.

கல்லூரிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். படக்குறிப்புகள் அத்தனையும் ஆங்கிலத்தில் இருந்தன. நாகர்கோவிலில் நடக்கும் கண்காட்சியில், குளச்சல் பக்கத்துக் கரையைப் பற்றிய படத்துக்குக் கீழே, அந்தக் கரையில் வலை இழுக்கிறவர் படிக்க முடியாத குறிப்பு எதற்கு? அடுத்த ஆண்டு தமிழில் எழுதுங்கள். அந்த வரிசையைக் கலையரங்கச் சுவரிலிருந்து கழற்றி, படமெடுத்த ஊரின் நூலகத்திலேயே ஒரு வாரம் ஒட்டி வையுங்கள். பக்கத்தில் பேனாவும் நோட்டும் இருக்கட்டும். எந்த வருடம் கடல் எதுவரை ஏறியது, அங்கே முன்பு யார் வீடு இருந்தது என்று அவர்கள் எழுதுவார்கள். அந்த நோட்டையும் ஆய்வேட்டில் பின்னிணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். நெறியாளர் ஒப்புக்கொள்ள மாட்டார், கேட்டுத்தான் பாருங்களேன்.