கொலஸ்ட்ரால் மாத்திரையா, விட்டுப்போன தைராய்டு மாத்திரையா?

கேள்வி: எனக்கு 63 வயது. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்ததிலிருந்து மூன்று வருடமாக அடோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. சாப்பிடுகிறேன். ஒரு மாதமாக இரண்டு தொடையும் கனத்து வலிக்கின்றன, மாடிப்படி ஏற முடியவில்லை. தைராய்டு மாத்திரையை ஆறு மாதமாகப் போடவில்லை. கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

மருத்துவர் பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள், அம்மா. ஸ்டென்ட் வைத்தவருக்கு அந்த மாத்திரை பெரிய பாதுகாப்பு. ஆனால் சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாத அளவுக்குப் பலவீனம் வந்தாலோ அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. மிக அரிதாகத்தான் வரும்.

நீங்கள் சாப்பிடும் அடோர்வாஸ்டாட்டின், ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மருந்து வகையைச் சேர்ந்தது. ஸ்டாட்டினால் தசைவலி வருவதென்றால், பெரும்பாலும் மாத்திரையைத் தொடங்கிய அல்லது டோஸைக் கூட்டிய சில வாரங்களில், சில மாதங்களில் வந்துவிடும். மூன்று வருடம் ஒத்துப்போன மாத்திரை இப்போது வலி தருகிறதென்றால், இடையில் என்ன மாறியது என்றுதான் நான் முதலில் கேட்பேன். அதற்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தைராய்டு குறைந்தால் அதுவே தசைவலி தரும். ஸ்டாட்டின் சாப்பிடுபவருக்குத் தசை பாதிக்கும் வாய்ப்பையும் கூட்டும். கெட்ட கொலஸ்ட்ராலையும் ஏற்றிவிடும். அதைக் கவனிக்காமல் ஸ்டாட்டின் டோஸை மட்டும் கூட்டினால் வலி இன்னும் மோசமாகலாம். அதனால் தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சி.கே. என்ற தசை என்சைம், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், வைட்டமின் டி நான்கையும் ரத்தத்தில் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், சளி, இருமலுக்கென்று சமீபத்தில் ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீர்களா? கிளாரித்ரோமைசின், படர்தாமரைக்குத் தரும் இட்ராகொனசோல் போன்றவை ஸ்டாட்டின் உடலில் சிதைந்து வெளியேறுவதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கியதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வயது, பெண்ணாக இருப்பது, ஒல்லியான உடல்வாகு, சிறுநீரக அல்லது ஈரல் கோளாறு, மது, பழக்கமில்லாத கடும் உடற்பயிற்சி, இவையும் தசை பாதிக்கும் வாய்ப்பைக் கூட்டுபவைதான். சி.கே. அதிகமாக இருந்தால் டாக்டர் மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்பார், டோஸைக் குறைப்பார், அல்லது வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றுவார்.

ஒன்றை மட்டும் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். இதைப் படித்துவிட்டு, வீட்டில் மீதியிருக்கும் பழைய தைராய்டு மாத்திரையை நாளைக்கே முழு டோஸில் ஆரம்பித்துவிடாதீர்கள். திடீரென்று போட்டால் உங்கள் இதயத்துக்குச் சுமை. டாக்டர் குறைந்த அளவில் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை பார்த்துப் பார்த்து ஏற்றுவார்.