முறுக்கான் போட்ட பாட்டிக்கு ஒண்ணும் வரலியே?

கேள்வி: எங்க பாட்டி எம்பது வயசு வரை முறுக்கான் (வெத்தல பாக்கு) இடிச்சுப் போட்டா, ஒண்ணும் வரல்ல. இப்ப சின்னப் பசங்களுக்கே வாய்ப் புற்றுங்காங்க, நெசமாவே கூடிட்டா?
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: இந்தியாவுல 2020ல சுமார் 1.36 லட்சம் பேருக்கும், 2022ல சுமார் 1.44 லட்சம் பேருக்கும் புதுசா வாய்ப் புற்று வந்துச்சுன்னு மதிப்பீடு சொல்லுது, ஆனா ரெண்டுமே மதிப்பீடுதான், ஜனமும் வயசானவங்களும் கூடினா எண்ணிக்கை தானா ஏறும், அதனால இத மட்டும் வச்சு நெசமாவே கூடிட்டுன்னு சொல்ல முடியாது, ஜனத்தோட வயசு வித்தியாசத்தைச் சரிக்கட்டி லட்சம் பேருக்கு எத்தனைன்னு பல வருஷக் கணக்கப் பாக்கணும். பாட்டி தப்பிச்சது பாட்டியோட அதிர்ஷ்டம்மா, போயிலை இல்லாத வெறும் பாக்கே புற்று வரவைக்கும்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004லயே சொல்லியாச்சு. குட்காவ தமிழ்நாட்டுல 2013ல தடை பண்ணியும் பொட்டலம் கெடைக்குதே, அது வேற வயித்தெரிச்சல். கன்னத்துக்குள்ள வெள்ளைத் திட்டோ, ரெண்டு மூணு வாரமா ஆறாத புண்ணோ இருந்தா ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போயி காட்டச் சொல்லுங்க.