ஹாஃப் பிளேட் பாதியாக இல்லாவிட்டால் போலியா?

கேள்வி: ஹட்டனில் தாத்தா நடத்திய ஸ்டூடியோவின் மரக் கமரா எங்களிடம் இருக்கிறது. பிளேட் ஹோல்டரின், அதாவது படம் பதியும் கண்ணாடித் தகட்டை (பிளேட்) வைக்கும் உறையின், அளவு 4¾ × 6½ அங்குலம். பார்க்க வந்த புரோக்கர், "முழுப் பிளேட் 6½ × 8½. அதில் பாதி என்றால் 4¼ தானே வரவேண்டும்? இது யாரோ இங்கே அடித்த டூப்ளிகேட். ஃபிலிமும் கிடைக்காது" என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் ஹோல்டர் அச்சு அசல் பிரிட்டிஷ் ஹாஃப் பிளேட்.

1839இல் பிரான்ஸில் டாகேர் என்பவரின் புகைப்பட முறை வெளியானபோது, அவருடைய வெள்ளி பூசிய செப்புத் தகடு ஏறக்குறைய 6½ × 8½ அங்குலம். முழுப் பிளேட் என்பது அதுதான். கால் பிளேட் 3¼ × 4¼, கணக்குக்குச் சரி. ஹாஃப் பிளேட்டில்தான் கணக்கு உதைக்கிறது. பிரிட்டிஷ்காரர் விற்றது 4¾ × 6½. அமெரிக்கர் அதே பெயரில் வைத்திருந்தது 4¼ × 5½. இரண்டுமே பாதியில்லை! பெயரைப் பிடித்துக்கொண்டு வகுத்தல் கணக்குப் போடுகிறவரிடம் பொருளை விற்கவே கூடாது.

இவ்வளவு பெரிய தகடு எதற்கு என்றால், அன்று நெகடிவ் எந்த அளவோ படமும் பெரும்பாலும் அதே அளவுதான். உங்களுக்குப் பக்கத்தில் பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கமான பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 15 × 12 அங்குலக் கண்ணாடியைத் தூக்கிச் சுமந்து படமெடுத்தவர்.

ஃபிலிம் கிடைக்கும். 5 × 7 அங்குல ஃபிலிமை வாங்கி இருட்டில் வெட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு ஒளி பதியாத ஓர்த்தோ வகை என்றால் ஆழ்ந்த சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்தே வெட்டலாம். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: 13 × 18 சென்டிமீட்டரும் 5 × 7 அங்குலமும் ஒன்றுதான் என்று சொல்லி விற்கிறார்கள். ஒன்றில்லை. முன்னது 130 × 180 மில்லிமீட்டர், பின்னது 127 × 178. அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டரில் 5 × 7 ஹோல்டருக்குள் நுழையாமல் எத்தனை பெட்டி வீணாகியிருக்கிறது! நீங்கள் வெட்டத்தான் போகிறீர்கள், உங்களுக்கு இரண்டும் உதவும். ஆனால் நாளை 5 × 7 கமரா வாங்கினால் மறந்துவிடாதீர்கள். பெட்டியின் மேல் உண்மையான வெட்டளவைப் பெரிதாக அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்?

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 'வெளிச்சத்தில் திறக்காதீர்' என்று மூன்று மொழியிலும் ஒட்டச் சொல்லுங்கள். எனக்கு வந்த ஒரு பெட்டியைச் சுங்கக் கவுண்டரில் விளக்கடியில் பிரித்து, ஒவ்வொரு ஷீட்டாக எண்ணிவிட்டுக் கொடுத்தார்கள். தீர்வையும் முழுதாகக் கட்டினேன்.

கடைசியாக, ஹோல்டருக்குள் மெல்லிய கறுப்புத் தகரச் சட்டம் இருக்கிறதா பாருங்கள். கண்ணாடிக்குச் செய்த இடத்தில் ஃபிலிம் ஆடாமல் நிற்பது அதனால்தான். ஃபிலிமை அதற்குள் வழுக்கிப் போகும் அளவுக்கு ஒரு மயிரிழை குறைத்து வெட்டுங்கள். புரோக்கர் அதைப் பழைய தகரம் என்று எடுத்துப்போகப் பார்ப்பார். கமராவைவிட அது கிடைப்பது கஷ்டம்.